வார்டன் அம்மா பதில்கள்: லீவுக்குப் போய் விளையாடிவிட்டு வரலாமா?

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, ‘வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லத்துக்கு லீவில் போய்ப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே. மாமியார், மார்க் ஷீட் விவகாரங்கள் அடுத்த மாதம்.

*

கே: என் மகன் சிங்கப்பூரில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மார்ச் விடுமுறையில் நண்பர்களோடு கம்போடியாவின் சியம் ரீப் போய், அங்கே ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் தொண்டூழியம் செய்யப் போகிறானாம். பிள்ளைகளோடு விளையாடுவது, ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது. ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஆளுக்கு 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறது. நல்ல காரியம்தானே, அனுப்பலாமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

ப: மகனை அனுப்புங்கள், சியம் ரீப்புக்கு. இல்லத்துக்கு மட்டும் வேண்டாம்.

திருவள்ளூர் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் வார்டனாக இருந்துவிட்டு, பிறகு சியம் ரீப்பில் ஒரு குழுவோடு வேலை பார்த்தவள் நான். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. வீட்டைத் தேடினால் வீடு கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

கம்போடியா என்றதும் சர்வாதிகாரி போல் பாட்டின் ஆட்சி நினைவுக்கு வரும். 1975 முதல் 1979 வரை நடந்த அந்தக் கொடுமையில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் அவர்கள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருக்கிறார்கள். அந்தத் தலைமுறை வளர்ந்து ஆளான பிறகு இல்லங்கள் குறைந்திருக்க வேண்டுமா, இல்லையா? 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடி 269 ஆனது என்கிறது ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெப்பின் 2011 அறிக்கை. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே போர் கிடையாது. கூடியது சுற்றுலாப் பயணிகள். 2005-ல் 14 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2010-ல் 25 லட்சம் பேர் வந்தார்கள். பிறகு நாடு முழுக்க எண்ணிப் பார்த்தபோது 406 இல்லங்கள், 16,500-க்கு மேல் பிள்ளைகள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ, யாராவது ஒருவர் உயிரோடு இருக்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளை எப்படி இல்லத்துக்கு வருகிறது? தோன்லே சாப் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் என்று வையுங்கள். அப்பா தாய்லாந்தில் கட்டட வேலைக்குப் போயிருப்பார். வீட்டில் கடன். தெரிந்த ஆள் ஒருவர் வந்து, ‘டவுனில் ஒரு இடம் இருக்கிறது, மூணு வேளைச் சோறு, பள்ளிக்கூடம், இங்கிலீஷ் வேறு’ என்பார். எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கிற நினைப்பில்தான் அனுப்புகிறாள். இங்கே வந்ததும் அதன் படத்தைப் போட்டு, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று எழுதிவிடுகிறார்கள்.

ஓர் இல்லத்தில் நான் பார்த்த ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். ஐந்து மணி இருக்கும். சுற்றுலாப் பயணிகள் வரும் வேன் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் வீட்டுப்பாட நோட்டை மூடினார்கள். பெரிய பெண்கள் அப்சரா நடனத்துக்கு ஜரிகைத் துணி கட்டி, தலையில் கிரீடம் வைத்துத் தயாராக நின்றார்கள். பையன்கள் கையில் ஆளுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை, அது ஒரு நடனம். வேனில் இருந்து இறங்கியவர்களின் கையைச் சின்னப் பிள்ளைகள் ஓடிப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் மூன்று கேள்வி கேட்டார்கள். உங்க பேர் என்ன? எந்த ஊர்? எப்போ போறீங்க?

மூன்றாவது கேள்வியை அவர்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆங்கிலப் பாடத்தையும் பார்த்தேன். வருகிற ஒவ்வொரு குழுவும் ஏ, பி, சி, டியில் ஆரம்பிக்கும். போன குழு எதுவரை நடத்தியது என்று அடுத்த குழுவுக்குத் தெரியாது. தலை, தோள், முட்டி, பாதம் என்று தொட்டுத் தொட்டுப் பாடுவார்களே, அந்தப் பாட்டு வாராவாரம் நடந்தது. ஒரு பெண் அதை நாலு நாட்டு உச்சரிப்பில் பாடிக் காட்டுவாள். ‘நேற்று பள்ளிக்குப் போனேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் விழிப்பாள்.

எல்லா இல்லமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்லபடியாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மோசமானவற்றில், காலையில் தானமாக வந்த செருப்பு சாயங்காலம் பிள்ளைகளின் காலில் இருக்காது. அடுத்த வேனுக்கு வெறுங்காலைக் காட்டியாக வேண்டுமே. நல்லது, கெட்டது இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: பார்க்க வருகிறவர்களின் பணத்தை நம்பி இல்லம் நடந்தால், பிள்ளைகள் குறையக் கூடாது. பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டால் வருமானம் போச்சு. உங்கள் மகனின் 1,800 வெள்ளியில் எவ்வளவு இல்லத்துக்கு, எவ்வளவு ஏஜென்சிக்கு என்று கேட்டுப் பாருங்கள். ‘எல்லாம் சேர்த்துத்தான் மேடம்’ என்று பதில் வரும்.

*

கே: நான் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. காட்மாண்டுவில் ஒரு இல்லத்துக்குப் போக ஏஜென்சியில் முன்பணம் கட்டிவிட்டேன். அது நல்ல இல்லமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி

ப: அவர்கள் உங்களைப் பற்றி என்னென்ன விசாரித்தார்கள்? போலீஸ் சான்றிதழ் கேட்டார்களா? உங்களைத் தெரிந்த பேராசிரியருக்குப் போன் போட்டார்களா? பணம் கட்டிய ரசீதும் பாஸ்போர்ட் நகலும் போதும் என்றால், அங்கே போகாதீர்கள். உங்களை விசாரிக்காமல் உள்ளே விடுகிற இடம் வேறு யாரையும் விசாரித்திருக்காது. பிள்ளைகள் தூங்கும் அறை வரை யார் வேண்டுமானாலும் போகலாம் என்றால் அங்கே யாரெல்லாம் போயிருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

நேபாளத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா மாதிரி எட்டாத மலை மாவட்டங்களில் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு ‘பிள்ளையைக் காப்பாற்றிப் படிக்க வைக்கிறோம்’ என்று தரகர்கள் காட்மாண்டுவுக்குக் கூட்டிவந்தார்கள். பல பெற்றோருக்கு அதன் பிறகு பிள்ளை எங்கே என்றே தெரியவில்லை. அங்கே இல்லங்களின் பெரும்பகுதி எங்கே இருக்கிறது தெரியுமா? காட்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன். ஏழ்மை அதிகமுள்ள மாவட்டங்களில் இல்லை, சுற்றுலாப் பயணி போகிற ஊர்களில் இருக்கிறது. 2015 ஏப்ரல் பூகம்பத்துக்குப் பிறகு, உரிய காகிதம் இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது, புது இல்லம் தொடங்கக் கூடாது என்று அரசே தடை போட வேண்டிவந்தது.

முன்பணம் போனால் போகட்டும். திருப்பிக் கேட்டு ஒரு மெயில் போடுங்கள், ஏன் வரவில்லை என்ற காரணத்தையும் எழுதுங்கள். நாலு பேர் அப்படி எழுதினால் ஏஜென்சிக்காரர்கள் அந்தத் திட்டத்தையே எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு வேறு பேக்கேஜ் இல்லாமல் இல்லை.

*

கே: வார்டன் அம்மா, நீங்கள் ரொம்பவும் கடுமையாகப் பேசுகிறீர்கள். நானும் என் மனைவியும் ஒரு பயணத்தில் அப்படி ஓர் இல்லத்துக்குப் போனோம். பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். மடியை விட்டு இறங்கவே இல்லை. அந்த அன்பு பொய்யா?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், மதுரை

ப: ஐயா, பொய் என்று யார் சொன்னது? ஆனால் உங்கள் பேத்தியை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் மூன்று வயசுப் பிள்ளை என்ன செய்யும்? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்க்கும். அதுதான் சரியாக வளர்கிற பிள்ளையின் அடையாளம். முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்காரும் பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989-ல் கவிழ்ந்தபோது, லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் கிடந்தார்கள். 2000-ல் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புகாரெஸ்ட் நகரின் ஆறு இல்லங்களிலிருந்து 136 சின்னப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மீதிப் பேர் வழக்கம்போல இல்லத்தில். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதிலும் இரண்டு வயசுக்கு முன்னால் போனவர்கள், நன்றாகத் தேறினார்கள். ஒருவரிடம் ஒட்டுதல் வைப்பது, பேச்சு, அறிவு வளர்ச்சி எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரிந்தது. இல்லத்துப் பிள்ளைகளிடம் அவர்கள் பார்த்த ஒரு விஷயம், நீங்கள் சொன்ன அதேதான்: ஆள் பார்க்காமல் யாரிடம் வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்வது.

நீங்கள் அன்று சாயங்காலம் கிளம்பியிருப்பீர்கள். அடுத்த வாரம் வேறு ஒரு தம்பதி. அதற்கு அடுத்து ஒரு கல்லூரிக் குழு. ஒவ்வொரு தடவையும் ஒட்டி, ஒவ்வொரு தடவையும் அறுபடுகிறது. கொஞ்ச நாளில் சில பிள்ளைகள் கட்டிக்கொள்வதையே நிறுத்திவிடுவார்கள். அவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்காது. வேன் வரும்போது அவர்கள் கொல்லைப்புறத்தில் இருப்பார்கள்.

*

கே: பாஷை தெரியாத பிள்ளைகளோடு என்ன விளையாட்டு விளையாடுவது?
– கல்லூரி மாணவர், திருச்சி

ப: இத்தனை சொன்ன பிறகும் இந்தக் கேள்வியா? சரி, தெருவில் விளையாடும் பிள்ளைகள் கூப்பிட்டால் என்ன செய்வது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கம்போடியாவில் கட்டம் போட்ட துண்டு ஒன்று உண்டு, கிராமா என்பார்கள். நம் ஊர்த் தோள்துண்டு மாதிரி எல்லாவற்றுக்கும் அதுதான்: தலைப்பாகை, தூளி, குளிக்கக் கட்டுவது. புத்தாண்டு சமயத்தில் அந்தத் துண்டை முறுக்கி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒருவர் துண்டோடு பின்னால் சுற்றி வருவார். யாருடைய முதுகுக்குப் பின்னால் போட்டாரோ அவர் எழுந்து துரத்தி அடிக்க வேண்டும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அச்சு அசல் நம் குலை குலையா முந்திரிக்கா! அங்கே அதற்கு லியக் கன்சேங் என்று பெயர். பாஷையே வேண்டாம், முதுகில் இரண்டு அடி வாங்கினால் விளையாட்டு புரிந்துவிடும்.

இன்னொன்று கவனித்தேன். அந்த வட்டத்தில் பாட்டிகளும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு விளையாட ஆள் பஞ்சம் எந்த ஊரிலும் கிடையாது, அவர்கள் ஊரில் அவர்களை இருக்க விட்டால்.

*

கே: செல்ஃபி எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா? நாலு பேருக்கு உதவும் எண்ணம் வருமே?
– சேலம்

ப: உங்கள் தங்கை பள்ளிக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் புகுந்து, அவளை மடியில் வைத்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினால் சும்மா இருப்பீர்களா? நம் நாட்டில் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் விதமாகப் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. லைக் எத்தனை வந்தது என்று கோர்ட்டில் கேட்க மாட்டார்கள்.

*

கே: வெளிநாட்டை விடுங்கள். வருஷாவருஷம் என் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பக்கத்து இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுகிறோம். கேக் வெட்டுவோம், பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள். அதுவும் தப்பா?
– இல்லத்தரசி, வேலூர்

ப: சாப்பாட்டுக்குப் பணம் கட்டுங்கள், புண்ணியம். கேக்கை உங்கள் வீட்டில் வெட்டுங்கள். தன் பிறந்தநாள் எது என்றே தெரியாத பிள்ளைகள் சில பேர் இருப்பார்கள், அவர்களை வரிசையாக நிற்க வைத்து வாரத்தில் மூன்று பிறந்தநாளுக்குக் கைதட்ட வைக்கிறோம். வார்டனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் பார்த்துச் சலித்துப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ‘அக்கா, ரசம் சாதம் கிடைக்குமா?’ என்று சமையல்காரம்மாவிடம் கெஞ்சுவார்கள்.

வெளிநாட்டை விடுங்கள் என்றீர்கள், ஆனால் நம் பக்கமும் யோசிக்க விஷயம் உண்டு. 2007-ல் மாமல்லபுரத்து இல்லங்களில் வெளியாட்கள் வந்து பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொள்வது பற்றி உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு கடிதம் வழக்காக மாறியது. வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. 2017 மே 5-ல் நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா தீர்ப்பு சொன்னார்கள். எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும் என்றது அதில் ஒரு உத்தரவு. ஆகவே நீங்கள் சாப்பாடு போடும் இல்லத்தில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தாலும் போதும்.

*

கே: எல்லாரும் உங்கள் பேச்சைக் கேட்டுப் பணத்தை நிறுத்திவிட்டால், அந்தப் பிள்ளைகள் தெருவுக்குத்தானே வருவார்கள்? அதற்கு நீங்கள் பொறுப்பா?
– கோபத்தோடு, தூத்துக்குடி

ப: கோபம் நியாயமானது. ஒரே ராத்திரியில் கதவைச் சாத்தினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அப்படிச் சாத்தச் சொல்லவில்லை. கம்போடிய அரசே 2016-ல், இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் 30 சதவீதம் பேரை 2018-க்குள் வீட்டுக்கு அனுப்புவது என்று இலக்கு வைத்து, படிப்படியாகத்தான் போனது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பையன் ஒருவன், பதினோரு வயசு. அம்மா இறந்துவிட்டாள், அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார் என்று இல்லத்துப் பதிவேடு சொன்னது. ஊருக்குப் போய் விசாரித்தால் அம்மாவின் அம்மா இருக்கிறாள். ‘சோறு போட முடியாது என்று யார் சொன்னது? பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர், நடக்க முடியாது என்றுதான் அனுப்பினேன்’ என்றாள். ஒரு சைக்கிள் பிரச்சினை. அதற்காக அந்தப் பையன் நாலு வருஷம் இல்லத்தில் இருந்திருக்கிறான். உடனே சைக்கிள் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. முதலில் பாட்டி வந்து பார்த்தாள். அப்புறம் அவன் ஒரு வார இறுதிக்குப் போனான், அப்புறம் புத்தாண்டுக்கு. ஊரில் ஆசிரியரிடம் பேசினோம், சித்தப்பாவைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். வீட்டுக்குப் போன பிறகும் மாதாமாதம் ஒரு சமூகப் பணியாளர் போய் வந்தார். முதல் மூன்று மாதம் அவன் யாரோடும் பேசவில்லை, பாட்டி அழுதாள், இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூடக் கேட்டாள். சினிமா மாதிரி முடிகிற விஷயம் இல்லை இது.

வீட்டில் அடி, உதை, அதைவிட மோசமானது நடக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு வளர்ப்புக் குடும்பம் வேண்டும், சில பேருக்குக் கொஞ்ச காலம் இல்லமும் வேண்டும். நம் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், கஷ்டப்படும் குடும்பம் பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தூத்துக்குடியில் உங்களுக்குத் தெரிந்த கைம்பெண் யாராவது பிள்ளையை இல்லத்தில் சேர்க்க யோசித்தால், முதலில் அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அந்தக் கோபத்துக்கு நல்ல வேலை.

ஆஸ்திரேலியாவில் 2017-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைமுறை பற்றி விசாரித்தபோது, இப்படி இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கொண்டுவருவதையும் அதில் சேர்த்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இல்லங்களில் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் கேட்டைத் தீர்மானத்தில் எழுதிவிட்டது. நான் மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

*

கே: நான்தான் முதல் கடிதம் எழுதியவரின் மகன். அம்மா உங்களுக்கு எழுதியதே எனக்குப் பிறகுதான் தெரியும். டிக்கெட் எடுத்தாச்சு, இல்லம் கேன்சல். இரண்டு வாரம் சியம் ரீப்பில் என்னதான் செய்வது?
– உட்லண்ட்ஸ்

ப: வாப்பா. ஒருநாள் சாயங்காலம் ஃபார் சர்க்கஸுக்குப் போ. தாய்லாந்து எல்லை அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994-ல் பத்தம்பாங் என்ற ஊரில் ஓவியப் பள்ளியாக ஆரம்பித்தது, 2013-லிருந்து சியம் ரீப்பில் கொட்டகை போட்டு நடத்துகிறார்கள். ஆடுகிறவர்கள் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் கலைஞர்கள். நீ டிக்கெட் வாங்கினால் அது அவர்கள் வீட்டுக்கு அரிசி. இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறலும் சொல்லிக்கொடுக்கும் உணவகங்கள் ஊருக்குள் இருக்கின்றன, அங்கே சாப்பிடு. பிள்ளைகள் நடத்தும் நடனத்துக்கு டுக்டுக் ஓட்டுநர் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. உனக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வரும் என்றால், அங்கே பெரியவர்களோடு வேலை செய்யும் அமைப்புகளுக்கு இப்போதே எழுதிக் கேள். ஊருக்குத் திரும்பிய பிறகும் செய்யக்கூடிய வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

கை நீட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. அங்கோர் வாட் போகும் சாலையில் ஏழாம் ஜெயவர்மன் என்ற பழைய கெமர் மன்னரின் பெயரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. பீட் ரிஷ்னர் என்ற சுவிஸ் டாக்டர் உருவாக்கிய கந்தா போபா மருத்துவமனைகளில் ஒன்று, பிள்ளைகளுக்குச் சிகிச்சை இலவசம். அந்த டாக்டர் 2018-ல் இறந்துவிட்டார். முன்பெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே செல்லோ வாசித்துவிட்டு, வந்திருக்கும் சுற்றுலாப் பயணிகளில் வயதானவர்களிடம் பணமும் இளைஞர்களிடம் ரத்தமும் கேட்பார். டெங்கு சீசனில் அங்கே ரத்தத்துக்கு அவ்வளவு தேவை. உனக்குப் பதினெட்டு நிரம்பி, உடம்பும் நன்றாக இருந்தால், போய்க் கேட்டுப் பார். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ. அன்றைக்கு வெயிலில் அங்கோர் படிக்கட்டு ஏற வேண்டாம், அதை மறுநாள் வைத்துக்கொள்.